ஆறாம் மாடியில் ஆறு

என் கட்டிலுக்கு நேர் மேலே
இருநூற்று நாற்பது லிட்டர் வரப்போகிறது என்று
க்வியெதா சொன்னபோது
நான் முதலில் போட்டது கூட்டல் கணக்கு.
தண்ணீர், மண், கல், கண்ணாடி, மேசை:
நானூறு கிலோவைத் தொடுகிறது.
ஓஸ்த்ரவாவின் இந்தக் கான்கிரீட் அடுக்குக்கு
என் வயதுதான்.
இருவருக்கும் முட்டியில் விரிசல்.

"சுவரோரம்தான் வைக்கிறேன்" என்றாள்.
கட்டிலைச் சன்னலோரம் நகர்த்தினேன்.

எட்டாம் எண் டிராம் ஓட்டுகிறவள்.
மதிய ஷிப்ட் முடிந்து வரும்போது
கோட்டுப் பையில் கற்கள் கனக்கும்.
ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு வினிகர்;
நுரைத்தால் சுண்ணாம்பு, வெளியே.
அப்படித் தள்ளுபடியானவை ஏழு, என் வாசலில்.

ஆற்றங்கரையில் பொறுக்கிய வேரை
துணி வேகவைக்கும் அண்டாவில்
இரண்டு நாள் காய்ச்சினாள்.
படிக்கட்டெல்லாம் ஈரக் காட்டு வாசம்.
நான்காம் மாடி ஷிண்டெலார்
யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டுப் போனார்.

தொட்டி லிஃப்டில் நுழையவில்லை.
தூக்கினோம், அவரும் நானும்,
மாடிக்கு ஒருமுறை இறக்கி, ஏசி.

முன்னால் இரண்டு விரல், பின்னால் ஒரு சாண்:
கறுப்பு மண்ணைச் சரித்தாள்.
"இப்படித்தான் தூரம் உண்டாகும்."
உதவுவதாய் நினைத்து
பெரிய கல்லை நட்ட நடுவில் வைத்தேன்.
பார்த்தாள். எடுத்தாள்.
"ஆறு நடுவே வைக்காது."
பிறகு ஒரு மணி நேரம்
அதே கல், அரை அங்குலம் இப்படி, அரை அங்குலம் அப்படி.
யாரும் வைக்காதது போல வைப்பதற்கு
எத்தனை முறை வைக்க வேண்டியிருக்கிறது!

பாசியைப் பருத்தி நூலால் வேரில் கட்டினாள்.
நூல் மக்குவதற்குள் பாசி பிடித்துக்கொள்ளுமாம்.
இடுக்கியால் ஒவ்வொரு புல்லாய் நட்டாள்.
ஒரு சூப் தட்டை மண்மேல் வைத்து
அதன் மேல் மெல்லத் தண்ணீர் விட்டாள்,
தூங்குகிறவர் மேல் போர்வை போடுவது போல.

மறுநாள் பால்.
மூன்றாம் வாரம் பழுப்புப் படலம்.
நாடாப்புல் கண்ணாடியாகி உருகியது.
வேர் மிதந்தே தீருவேன் என்றது;
அதன் தலையில் கூழாங்கல் நிரப்பிய
என் ஊறுகாய் ஜாடி.

வந்தவர் எல்லாருக்கும் ஒரே கேள்வி:
"மீன் எங்கே?"
"இன்னும் தண்ணீரே ஆகவில்லை" என்பாள்.
கண்ணுக்குத் தெரியாத யாரோ
முதலில் அங்கே குடியேற வேண்டுமாம்.
சோதனைக் குழாயில் ஊதா மங்கி மஞ்சள் வந்தால்
வந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.
ஒவ்வொரு ஞாயிறும் ஊதா.

பிப்ரவரியில் ஓர் இரவு, மணி இரண்டே கால்:
என் கூரையில் ஈரம். தட்டு அளவு.
செருப்பில்லாமல் ஓடினேன்.
சீருடைச் சட்டையோடே தூங்கியிருக்கிறாள்.
இருவரும் மண்டியிட்டுத் தரையைத் தடவினோம்.
தொட்டிக்கடியில் காய்ந்த தரை.
கசிந்தது சுடுநீர்க் குழாய்,
கட்டடத்தோடு பிறந்தது.

அவள் வாளி தேடப் போனபோது
டார்ச்சைத் தொட்டிப் பக்கம் திருப்பினேன்.
யாரும் வாங்காத, யாரும் விடாத
கடுகளவு நத்தை ஒன்று
பழுப்பைத் தின்றுகொண்டே கண்ணாடியில் ஏறியது.
அதன் பின்னால் விரல் அகலமில்லாத ஒரு தெளிவு.
அதன் வழியாகத்தான் பார்த்தேன்:
உருகிய புல்லின் அடியில்
ஊசிமுனைப் பச்சை.
வேர் மூழ்கிக் கிடந்தது.
ஜாடியை எப்போது எடுத்தாள்? தெரியவில்லை.

"வந்துவிட்டது" என்றேன்.
"குழாய்க்காரரா? இந்நேரத்திலா?"
"இல்லை."

குழாய்க்காரர் திங்கட்கிழமைதான் வந்தார்.
மீன்கள் மார்ச்சில். பன்னிரண்டு, நகம் அளவு.
எண்ணினால் எப்போதும் பதினொன்று.
அவள் ப்ர்னோவுக்குப் போன வாரம்
சாவி என்னிடம்.
தினமும் காலையில், காப்பி ஆறும் வரை எண்ணுகிறேன்.
பதினொன்று.

கட்டில் இன்னும் சன்னலோரம்தான்.
தலையணையை மட்டும்
மறுமுனைக்கு மாற்றிவிட்டேன்,
பம்பின் சத்தம் கேட்கிற பக்கம்.